ஓரெழுத்தின் பல பொருள்: ‘பா’ எனும் இடைச்சொல்

எந்த நற்செயலையும் நாம் ‘பிஸ்மில்லாஹ்’ என்று கூறியே தொடங்குகிறோம். அதன் முதலெழுத்தாகிய ‘பா’ பெயர்ச்சொல்லின் பகுதியன்று. தனித்த ஓர் இடைச்சொல். அரபு இலக்கணத்தார் அதனை ‘ஹர்ஃபுல் ஜர்’ என்னும் வகையில் சேர்ப்பர். தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே நிற்கும். அரபியில் இவ்வெழுத்து பெயருக்கு முன்னே நிற்கிறது. ‘அல்லாஹ்வின் பெயரால்’ என்றும், ‘பெயருடன்’ என்றும் இதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. உதவி தேடுதல், உடனிருத்தல் ஆகிய இரண்டையும் ‘பா’ உணர்த்தும் என்பதே காரணம்.

இவ்விரு பொருளும் ஓருருபில் இணைவது பிற மொழிகளிலும் காணப்படுவதே. தொல்காப்பியர் கூறும் மூன்றாம் வேற்றுமை, கருவியையும் உடனிகழ்ச்சியையும் ஒருங்கே தழுவுகிறது. ஆங்கிலத்தின் ‘வித்’ என்னும் சொல்லும் அத்தகையதே. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘எதிராக’ என்ற பொருளே மேலோங்கியிருந்தது. எதிர்த்து நிற்றலைக் குறிக்கும் ‘வித்ஸ்டாண்ட்’ என்ற சொல்லில் அப்பழம்பொருள் இன்றும் உறைந்துள்ளது.

ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டின் இலக்கண மேதை சீபவைஹி, ‘பா’வின் மூலப்பொருள் ‘ஒட்டுதல்’ என்றார். ஏனையவை அதிலிருந்து விரிந்தவை என்பது அவர் கருத்து. எழுதுகோல் கையோடு ஒட்டுவதால் கருவிப்பொருள் வந்தது. விலை பொருளோடு ஒட்டுவதால் மாற்றுப்பொருள் வந்தது. ஹிஜ்ரி 761இல் மறைந்த இப்னு ஹிஷாம், தம் ‘முக்னில் லபீப்’ நூலில் இவ்வெழுத்துக்கு 14 பொருள்களை வகுத்துரைக்கிறார்.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. நாம் நாள்தோறும் செய்யும் உளூவைத் தொடுவது. அல்மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் முகத்தையும் கைகளையும் கழுவப் பணிக்கிறது; அங்கே ‘பா’ இல்லை. தலைக்கு மஸ்ஹு செய்யப் பணிக்கும்போது மட்டும் ‘தலைகள்’ என்ற சொல்லின் முன் ‘பா’ வருகிறது. எனவே, தலை முழுவதையும் தடவ வேண்டுமா, ஒரு பகுதி போதுமா என்ற வினா எழுந்தது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முழுவதையும் தடவுவது கடமை என்றார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் பெயர்பெற்ற கருத்தும் அதுவே. அதே வசனத்தில் தயம்முமில் முகத்தைத் தடவுமாறு கூறும் இடத்திலும் ‘பா’ வந்துள்ளது. அங்கே முகம் முழுவதும் தடவப்படுகிறதன்றோ என்பது இத்தரப்பாரின் வலுவான வாதம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ தலையில் சிறிதளவு தடவினாலும் கடமை நிறைவேறும் என்றார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மத்ஹபில் கால்பங்கு என்பதே பெயர்பெற்ற முடிவு.

‘பகுதி’ என்ற பொருள் ‘பா’வுக்கு உண்டா என்பதில் இலக்கணத்தாரிடையேயும் ஒருமித்த கருத்தில்லை. ஹிஜ்ரி 392இல் மறைந்த இப்னு ஜின்னீ அதனை ஏற்கவில்லை; அஸ்மஈ, அபூ அலீ அல்ஃபாரிஸீ, இப்னு மாலிக் ஆகியோர் ஏற்றனர். ஆகவே சட்ட அறிஞர்கள் இலக்கணத்தோடு நில்லாமல் நபிவழியையும் நாடினர். நபி (ஸல்) அவர்கள் முன்தலையிலிருந்து பிடரிவரை தடவி மீண்டதை அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அறிவிக்கிறார்கள். முன்தலையிலும் தலைப்பாகையின் மீதும் தடவியதை முஃகீரா இப்னு ஷுஅபா (ரலி) அறிவிக்கிறார்கள்.

தமிழில் பெயர்ப்போரும் இச்சிக்கலிலிருந்து தப்ப இயலாது. ‘தலையைத் தடவுக’ என்றால் முழுமை தோன்றுகிறது. ‘தலையில் தடவுக’ என்றால் ஒரு பகுதியும் போதும் எனத் தோன்றுகிறது. எவ்வுருபைத் தேர்ந்தாலும் மற்றொரு சாராரின் விளக்கம் மறைந்துவிடுகிறது. பெயர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பளிப்போர் இதனை உணர வேண்டும்.

கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீகளும் மிகுந்து வாழும் நம் தமிழகத்தில், ஒரே ஹவ்ளின் கரையில் இருவரும் அருகருகே அமர்ந்து உளூச் செய்கின்றனர். ஒருவர் சில முடிகளைத் தடவி எழுகிறார். மற்றவர் மேலும் தடவுகிறார். முன்னவரை நோக்கி, ‘உம் தொழுகை கூடாது’ என்று கூற நாவெழுமுன், அவர் சோம்பலால் அவ்வாறு செய்யவில்லை என்பதை நாம் நினைவிற்கொள்வோம். இறைவாக்கின் ஓரெழுத்தைக்கூடப் பொருளின்றி விட மனமில்லாத பேரறிஞர்களின் உழைப்பு இருவர் விரல்களிலும் இருக்கிறது.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.