குண்டு விழும் இடம்

1690-ல் எலிஹு யேல் சென்னை ஆளுநராக இருந்தபோது, கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கும்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? அதைப் பீரங்கியே தீர்மானித்தது. கோட்டையிலிருந்து பல திசைகளில் சுட்டார்கள். குண்டு எட்டிய தூரத்துக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் கும்பெனி வசமாயின. கடலூரின் குண்டு சாலை அந்தக் கதையை இன்றும் சுமக்கிறது.

அன்று குண்டு விழுந்த இடம் சுட்டவருக்குச் சொத்து. இன்று அது சுடுபவரின் பொறுப்பு.

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்தனர். சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவமனையில் உயிருக்குப் போராடி, ஜனவரி 3 அன்று அவன் இறந்தான்.

சிதம்பரத்திலும் கடலூரிலும் கல்லூரிகளில் என்.சி.சி.யில் சேரும் பிள்ளைகள் கையில் எடுப்பது .22 ரைஃபிள். குறி 25 மீட்டரில் இருக்கும். குண்டோ தடையில்லாவிட்டால் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகும். குறிக்குப் பின்னால் உயரமான மண்மேடு கட்டாயம் வேண்டும் என்பது இதனால்தான்.

காகிதக் குறியைக் குண்டு துளைத்துப் போய்விடும். இரும்புத் தகட்டில் பட்டால் ஈயம் சிதறி, சில்லுகளாகத் தகட்டின் விளிம்புகளை நோக்கித் தெறிக்கும். கடினமாக்கிய, சமதளமான தகடு என்றால் அப்படிப் பக்கவாட்டில் போகும். பட்டறையில் கிடக்கும் சாதாரண இரும்பில் குண்டு பட்டுப் பட்டுக் குழி விழும். அந்தக் குழி சில்லைச் சுட்டவர் பக்கமே திருப்பிவிடும். குழி விழுந்த, வளைந்த தகட்டை உடனே கழித்துவிட வேண்டும். தகட்டின் முகம் சற்றே தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் சில்லுகள் மண்ணுக்குள் இறங்கும்.

தூரமும் முக்கியம். பன்னாட்டு நடைமுறைத் துப்பாக்கிப் போட்டிகளில் கைத்துப்பாக்கிக்குக்கூட இரும்புக் குறி ஏழு மீட்டருக்குக் குறையக் கூடாது. ரைஃபிளுக்கு அதைவிடப் பல மடங்கு தள்ளி நிற்க வேண்டும். சுடுபவர் மட்டுமன்றி, வேடிக்கை பார்ப்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். ஒரு சிறு சில்லு போதும், பார்வை போக.

ஏர்கன் விளையாட்டுச் சாமான் என்று நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அதில் போடும் இரும்பு உருண்டை இரும்பில் பட்டால் நசுங்காது; வந்த வேகத்தின் பெரும்பகுதியோடு திரும்பி வரும். இரும்பு உருண்டையைக் கொண்டு இரும்புக் குறியைச் சுடப் பிள்ளைகளை ஒருபோதும் விடாதீர்கள்.

தகடு சரியா, தூரம் போதுமா, எல்லோர் கண்ணிலும் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறதா, பின்னால் மண்மேடு உண்டா, அதற்கு அப்பால் யார் வீடு? இவற்றில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் விசையில் விரல் வைக்கக் கூடாது. இந்த ஒழுக்கத்தைக் கற்பித்த பிறகே குறி பார்க்கக் கற்பிக்க வேண்டும்.