பழைய பிரேஸ்: அலமாரிக்கு அல்ல, வேலைக்கு

தாத்தா காலத்துத் தச்சுப் பெட்டியைப் பிரிக்கும்போது வாளும் உளியும் யாருக்காவது பயன்படும் என்று ஒதுக்கப்படும். 'ப' வடிவில் வளைந்த ஓர் இரும்புத் தண்டு மட்டும் எதற்கென்று தெரியாமல் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். மேல்முனையில் உள்ளங்கை அளவு மரக்குமிழ், வளைவின் நடுவே தானாகச் சுழலும் மரப்பிடி, கீழ்முனையில் துளையிடும் அலகைக் கவ்வும் சக் என்ற பாகம். இவை இருந்தால் அது பிரேஸ். மரத்தில் துளை போட மனிதன் செய்த கைக்கருவிகளில் மிகத் தேர்ந்தது அதுதான்.

மலேசியாவில் இத்தகைய பெட்டிகளின் சொந்தக்காரர்கள் தோட்டங்களிலும் பட்டறைகளிலும் இருந்தார்கள். உலு லங்காட் மாவட்டம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் நிறைந்த பகுதி. பெரிய தோட்டங்களில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் கதவு, சன்னல், கூரைச் சட்டங்களைப் பழுதுபார்க்க ஆசாரிகள் இருந்தார்கள். கோலாலம்பூரின் செந்தூலில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ரயில்வே பட்டறையில் நம்மவர் பலர் வேலை பார்த்தார்கள். ரயில் பெட்டிகள் மரத்தால் கட்டப்பட்ட காலம் அது. பிறகு தோட்டங்கள் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளாயின. மின்துரப்பணம் எல்லார் கைக்கும் வந்தது. அந்தத் தலைமுறையின் கருவிகள் கேட்பாரற்றுச் சிதறின. இன்று அவற்றைத் தேடுபவர்கள் கோலாலம்பூரின் பெட்டாலிங் ஸ்திரீட் பக்கத்துப் பாசார் காராட் சந்தையிலும், ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையிலும், உறவினர் வீட்டுப் பின்கட்டிலும் தேடுகிறார்கள்.

வளைவு செய்யும் வேலை

நம் ஆசாரிகள் தொன்றுதொட்டுப் பயன்படுத்திய துரப்பணம் கயிற்றாலோ வில்லாலோ சுழற்றப்படுவது. இழுத்தால் ஒரு பக்கம் சுழலும். விட்டால் மறுபக்கம் திரும்பும். அதனால் அதன் அலகு இரு பக்கமும் சுரண்டும்படி தட்டையாகவே இருக்க வேண்டியிருந்தது. பிரேஸின் வளைவு அந்தத் தடையை நீக்கியது. கை நிற்காமல் வட்டமாகச் சுற்றினால் அலகும் ஒரே திசையில் நிற்காமல் சுழலும். ஒரே திசைச் சுழற்சி கிடைத்ததும் முனையில் திருகும் உடலில் முறுக்கும் கொண்ட அலகுகளை முழு அளவில் பயன்படுத்த முடிந்தது.

ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டு ஓவியங்களிலேயே இந்தக் கருவி தென்படுகிறது. ஓவியர் ராபர்ட் காம்பினின் பட்டறையில் 1430-ஐ ஒட்டி வரையப்பட்ட மெரோட் பலிபீட ஓவியத்தில், தச்சரான சூசையப்பர் பலகையில் பிரேஸால் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஓவியம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது.

பிரேஸின் வலிமை நெம்புகோல் கணக்கில் இருக்கிறது. கைப்பிடி சுற்றும் வட்டத்தின் விட்டத்தை வைத்தே பிரேஸின் அளவைச் சொல்வார்கள். 10 அங்குல பிரேஸ் என்றால், பிடி அச்சிலிருந்து 5 அங்குலம் தள்ளி நிற்கிறது. அரை அங்குல அலகின் விளிம்போ அச்சிலிருந்து கால் அங்குலத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் 20 மடங்கு வித்தியாசம். உராய்வைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், கை 5 கிலோ விசை கொடுக்கும்போது வெட்டும் விளிம்பில் 100 கிலோவுக்கு ஈடான விசை கிடைக்கிறது. அகலமான துளைக்கு 12 அல்லது 14 அங்குல பிரேஸ், திருகாணி முடுக்கவும் சிறு துளைக்கும் 6 அல்லது 8 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று வாங்க நினைப்பவர்கள் 10 அங்குலத்தை வாங்கலாம்.

சக்கின் கதை

பழைய மர பிரேஸ்களிலும், 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் பித்தளைத் தகடு பதித்துச் செய்த அழகான பிரேஸ்களிலும் ஒரு குறை இருந்தது. அலகின் சதுர வாலில் ஒரு வெட்டு போட்டு, பிரேஸில் உள்ள சிறு கொக்கியில் அது மாட்டும்படி செய்ய வேண்டும். ஒரு பிரேஸுக்குப் பொருந்திய அலகு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த வில்லியம் பார்பர் 1864-இல் பெற்ற காப்புரிமை இதற்கு முடிவு கட்டியது. மரையிட்ட உறைக்குள் இரண்டு தாடைகள். ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஒரு பள்ளம். உறையை முறுக்கினால் தாடைகள் நெருங்கி, சதுர வாலின் எதிரெதிர் மூலைகளைக் கவ்விக்கொள்ளும். யார் செய்த அலகானாலும் சரி. மில்லர்ஸ் ஃபால்ஸ் நிறுவனம் இந்தச் சக்கைக் கொண்ட பிரேஸ்களைப் பெருமளவில் தயாரித்தது. பின்னால் வந்த பெரும்பாலான பிரேஸ்கள் இந்த வழியையே பின்பற்றின.

அடுத்த முன்னேற்றம் ராட்செட். சுவர் மூலையில் கை முழு வட்டம் சுற்ற இடம் இருக்காது. ராட்செட் வளையத்தைத் திருப்பிவிட்டால், கால் வட்டம் முன்னே போய்ப் பின்னே வரலாம்; பின்னே வரும்போது அலகு அசையாது. மின்துரப்பணம் நுழையாத இடுக்கிலும் இது வேலை செய்யும்.

அலகு எப்படி வெட்டுகிறது

பிரேஸ் என்பது பாதிதான். மீதிப் பாதி அலகு. அலகுகளில் முக்கியமானது ஆகர் பிட். அதன் முனையில் சிறு திருகு இருக்கும். அது மரத்துக்குள் ஏறி, அலகைத் தானே கீழே இழுக்கும். ஆகவே மெல்லிய அழுத்தம் போதும். திருகின் இரு பக்கமும் நிற்கும் கூரிய செதில்கள் வட்டத்தின் ஓரத்தில் மர இழைகளை முதலில் அறுக்கும். அதன்பிறகு இரண்டு வெட்டு உதடுகள் அறுபட்ட மரத்தைச் சுருளாகச் சீவி எடுக்கும். முறுக்கு உடல் அந்தச் சுருளை மேலே கொண்டுவந்து தள்ளும். நான்கு வேலையும் ஒரே சுழற்சியில் நடப்பதால்தான் துளையின் ஓரம் பிய்யாமல் சுத்தமாக வருகிறது.

அமெரிக்கரான ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் 1855-இல் காப்புரிமை பெற்ற இரட்டை முறுக்கு அலகு, சுத்தமான துளைக்குப் பெயர்பெற்றது. மேசை நாற்காலி வேலைக்கு ஏற்றது. நடுவில் திடமான தண்டைச் சுற்றி ஒரே முறுக்கு ஓடும் இர்வின் வகை அலகு சீவலை வேகமாக வெளியேற்றும், எளிதில் வளையாது. ஆழமான துளைக்கு நல்லது. வாலில் பொறித்திருக்கும் எண் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கைக் குறிக்கும். 8 என்றால் பதினாறில் எட்டு, அதாவது அரை அங்குலம் அல்லது 12.7 மில்லிமீட்டர்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

துருவைக் கண்டு பயப்பட வேண்டாம், மேல்துரு போய்விடும். பார்க்க வேண்டியவை வேறு. சக்கைக் கழற்றி இரண்டு தாடைகளும் இருக்கின்றனவா, அவற்றின் சுருள்வில் உடையாமல் இருக்கிறதா, மரை தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குமிழைப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். ஆட்டமும் உரசலும் இருக்கக்கூடாது. ராட்செட் இரு திசையிலும் பிடிக்க வேண்டும். நேரான அலகு ஒன்றை மாட்டிச் சுழற்றும்போது அதன் முனை வட்டம் போட்டால் தண்டு வளைந்திருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

ஸ்டான்லி, மில்லர்ஸ் ஃபால்ஸ், ஷெஃபீல்டின் ரெக்கார்ட் ஆகிய பெயர்கள் நம்பிக்கையானவை. பிலடெல்பியாவின் நார்த் பிரதர்ஸ் செய்த யாங்கி பிரேஸ் கிடைத்தால் அது சேகரிப்பாளரின் அதிர்ஷ்டம். அதன் ராட்செட் மூடிய உறைக்குள் இருப்பதால் தூசி புகாது.

சுத்தம் செய்ய, இரும்புப் பாகங்களை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, சோடா மாவு கரைத்த நீரில் கழுவி, உடனே உலர்த்துங்கள். மரப் பாகங்களும் குமிழுக்குள் இருக்கும் குண்டுகளும் வினிகரில் படக்கூடாது. கழுவியதும் தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் எண்ணெயில்லாத இரும்பு சில நாளிலேயே மறுபடி துருப்பிடிக்கும். மரப்பிடியை உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்க்காதீர்கள். பழைய கைகளால் ஏறிய மெருகு அது. நிறுவனப் பெயரும் காப்புரிமைத் தேதியும் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. கருவியின் வரலாற்றுக்கு அந்த எழுத்துகளே ஆதாரம்.

அலகைத் தீட்டுவதிலும் ஒரு விதி உண்டு. செதில்களை உட்புறம் மட்டுமே அரத்தால் தேய்க்க வேண்டும். வெளிப்புறம் தேய்த்தால் வெட்டும் வட்டம் சுருங்கி அலகு துளையில் சிக்கிக்கொள்ளும். உதடுகளை மேல்பக்கம் மட்டும் தேய்க்க வேண்டும். முனைத்திருகைத் தொடவே வேண்டாம்.

நம் மரத்தில் முதல் துளை

பழகுவதற்கு ரப்பர் மரத்தைவிட நல்ல மரம் நமக்கு இல்லை. பால் வற்றிய பிறகு வெறும் விறகாகக் கருதப்பட்ட மரம் அது. பூச்சியும் பூஞ்சையும் அண்டாதபடி பதப்படுத்தும் முறைகள் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தின் பங்களிப்போடு வளர்ந்த பிறகு, மலேசிய மரச்சாமான் ஏற்றுமதியின் முதுகெலும்பாயிற்று. காய்ந்த ரப்பர் மரம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோ எடை இருக்கும். அலகு சீராக இறங்கும். செங்கால் மரமோ 900 கிலோவைத் தாண்டும். திரெங்கானுவின் பூலாவ் டூயோங் படகுத் தச்சர்கள் செங்கால் பலகைகளைத் துளைத்து மர ஆணிகளால் இணைத்துப் படகு கட்டுபவர்கள். அந்த மரத்தில் கை வைக்கும் முன் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். முனைத்திருகில் மெழுகு தேய்த்துக்கொள்வதும், நெருக்கமான மரை கொண்ட அலகைத் தேர்ந்தெடுப்பதும் செங்காலில் பெரிதும் உதவும்.

இடக்கையால் குமிழைப் பிடியுங்கள். பலகை கிடையாக இருந்தால் நெற்றியைக் கையின் மேல் சாய்க்கலாம். நிமிர்ந்திருந்தால் குமிழை வயிற்றில் அணைத்துக்கொள்ளலாம். மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி இரு திசையிலும் நேர் பாருங்கள். மறுபக்கத்தில் திருகின் நுனி எட்டிப்பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி, அந்தச் சிறு துளையிலிருந்து மீதியைத் துளையுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் சிதறிப் போகும். அலகை வெளியே எடுக்கும்போது ஒரு சுற்று பின்னே திருப்பித் திருகை விடுவித்து, பிறகு முன்னே சுற்றியபடி இழுத்தால் சீவலும் சேர்ந்து வெளியே வரும். முனைத்திருகு உள்ள இந்த அலகுகளை மின்துரப்பணத்தில் மாட்டாதீர்கள். அது மரத்துக்குள் வேகமாக இழுத்துக்கொண்டு மணிக்கட்டை முறுக்கிவிடும்.

நூறு துளை போட வேண்டிய வேலைக்கு மின்துரப்பணம்தான் சரி. ஆனால் ஒரு கதவுப் பூட்டுக்கும், ஒரு மேசைக்காலின் இணைப்புக்கும், வேலை கற்கும் பிள்ளையின் முதல் துளைக்கும் பிரேஸ் அதைவிட மேல். ஆழம் கைக்குத் தெரியும். மரத்தின் முடிச்சும் இழையும் கைக்குத் தெரியும். தவறு நேருமுன் நிறுத்த முடியும். சேகரிப்பவர்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைக்கும் பிரேஸ் பாதி உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று கிடந்தால், இரும்புக் கடைக்குப் போடும் முன் எடுத்துத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஒரு ரப்பர் மரத் துண்டையும் கொடுத்து, வீட்டுப் பிள்ளைகளைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.