பார்க்கின்சன் நோயில் இரவில் கால்கள் ஏன் தவிக்கின்றன?

பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு இரவில் கால்கள் ஓய்வதில்லை. படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வது போன்ற குறுகுறுப்பு எழும். எழுந்து நடந்தால்தான் அடங்கும். வேறு சிலருக்குத் தூக்கத்திலேயே கால் கட்டைவிரல் மேல்நோக்கி விறைத்து, கணுக்கால் மடங்கி, பெரும்பாலும் 20 முதல் 40 விநாடிகளுக்கு ஒருமுறை கால் வெட்டி இழுக்கும். பல நேரம் இது அவர்களுக்கே தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சொல்வார்.

இயக்கத்தைச் சீராக்கும் டோபமைன் குறைபாட்டோடு இவ்விரண்டுக்கும் தொடர்புண்டு. அக்குறையை ஈடுசெய்யத் தரப்படும் லெவோடோபா மாத்திரையின் பலன் சில மணி நேரமே நீடிப்பதால், விடியற்காலையில் பாதம் முறுக்கி வலிப்பதும் உண்டு. டோபமைன் உருவாக இரும்பு தேவை; அது குறைந்தால் தவிப்பு கூடும். ஆகவே உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை ரத்தத்தில் பார்ப்பது நல்லது. நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.