சிறுவீடு

'சிறுவீடு' என்றால் என்ன தெரியுமா? குடியிருக்கும் வீடு அல்ல. வீடு என்றால் இங்கே விடுதல். விடியற்காலையில், பனி படிந்த புல்லை மேய எருமைகளைச் சிறிது நேரம் அவிழ்த்து விடுவதுதான் சிறுவீடு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள், திருப்பாவையின் 8-ஆம் பாட்டில் இந்தச் சொல்லை நமக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

மொத்தம் 30 பாட்டு. மார்கழியில் பக்தியோடு பாடுகிறோம். அன்றைய வாழ்க்கையைப் பார்ப்பதற்காகவும் ஒருமுறை படித்துப் பாருங்கள். தயிர் கடையும் பெண்களின் கை அசைய அசைய, மத்தின் ஓசையோடு கழுத்து நகைகளும் கலகலக்கின்றன. கன்றை நினைத்த எருமையின் மடியிலிருந்து பால் தானாக வழிந்து, வீட்டுத் தரையே சேறாகிறது. மார்கழி நோன்பு முடிந்ததும் பாற்சோறு. அள்ளிச் சாப்பிடும்போது நெய் முழங்கை வரை ஒழுகுகிறது. இந்தக் காட்சி வரும் 27-ஆம் பாட்டிலேயே கைக்கு, தோளுக்கு, காதுக்கு, காலுக்கு என்று நகைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள்!

பாடியது கண்ணனின் ஆயர்பாடியை. ஆனால் அந்த எருமைகளும் மத்தின் ஓசையும் ஆண்டாள் தம் ஊரில் கண்டு கேட்டவை என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்று பால்கோவாவுக்குப் பேர்போன ஊரும் அதுதானே!