குளிரிலிருந்து மரத்தைக் காப்பாற்ற ஐஸா? ஆரஞ்சுத் தோட்டங்களில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் தெளிப்பது ஏன்?

உறைபனி எச்சரிக்கை வந்துவிட்டால் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில ஆரஞ்சு விவசாயிகள் மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். விடிய விடிய மரங்களுக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். காலையில் அடிமரம், தாழ்ந்த கிளை எல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ் மூடி நிற்கும். 'இருக்கிற குளிர் போதாதுன்னு இது வேறயா?' என்று தோன்றும்.

மரத்தைக் காப்பாற்றுவதே அதுதான். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளியே விடும். ஒரு லிட்டருக்குச் சுமார் 80 கிலோகலோரி. மேலே தண்ணீர் விழுந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை, உள்ளே இருக்கும் பட்டை 0 டிகிரி பக்கத்திலேயே நிற்கும். ஆரஞ்சுப் பழம் உறைய ஆரம்பிப்பது சுமார் மைனஸ் 2 டிகிரியில். சாற்றில் சர்க்கரை இருப்பதால் அந்தக் கொஞ்ச இடைவெளி. பழுக்காத காயில் சர்க்கரை குறைவு, அது இன்னும் சீக்கிரம் உறைந்துவிடும்.

முன்னாடியே பறித்து வைத்துவிடலாமே?

முடியாது. மா, வாழை மாதிரி காயாகப் பறித்துப் பழுக்க வைக்கும் வேலை ஆரஞ்சிடம் நடக்காது. பறித்த அன்று என்ன இனிப்போ, கடைசிவரை அதுதான். மரத்திலேயே உறைந்துபோன பழமோ, ஃப்ரீசரில் மறந்துவிட்ட தக்காளி கதைதான்: உள்ளே சாற்றுப் பைகள் கிழிந்துவிடும். சில நாளுக்குள் ஜூஸ் ஆலைக்குப் போகாவிட்டால் காய்ந்து சக்கையாகிவிடும்.

பழம் போனால் ஒரு வருட வருமானம் போச்சு. மரமே போனால்? 1894 டிசம்பர் கடைசியில் ஃபுளோரிடாவில் அடித்த குளிரில் பழங்கள் நாசமாயின. மரங்கள் பெரும்பாலும் தப்பின. ஜனவரி வெயிலில் துளிர்கூட விட்டன. அங்கேதான் வினை. சாறு ஏறி, பட்டை இளகி நின்ற நேரத்தில், 1895 பிப்ரவரி 7-ம் தேதி மறுபடியும் குளிர். உள்ளே சாறு உறைந்து பட்டை வெடித்தது. 50 லட்சம் பெட்டி அளவில் இருந்த விளைச்சல் அடுத்த பருவத்தில் 2 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. பலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஊரைக் காலி செய்தார்கள். சாகுபடி மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்தது.

தண்ணீர் வைத்தியத்திலும் ஆபத்து உண்டு. காற்று பலமாக அடித்தால் தண்ணீர் உறைவதற்குப் பதில் ஆவியாகும்; அப்போது உறையும்போது கிடைப்பதைப் போல ஏழு மடங்குக்கும் மேல் வெப்பத்தை மரத்திடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். நடுராத்திரியில் மோட்டார் நின்றாலும் இதே கதிதான். 1962 உறைபனியில், மேலிருந்து தண்ணீர் தெளித்த தோட்டங்கள் இப்படித்தான் அடிவாங்கின. இப்போது மரத்தடியில் சின்ன தெளிப்பான்கள் வைத்து, முக்கியமாக அடிமரத்தையும் ஒட்டுக்கட்டிய இடத்தையும் காப்பாற்றுகிறார்கள். அடிமரம் பிழைத்தால் மறுபடி தழைத்துவிடும்.

தண்ணீருக்கு எங்கே போவது என்பது அடுத்த தலைவலி. 2010 ஜனவரியில் ஃபுளோரிடாவின் பிளான்ட் சிட்டி பகுதியில் 11 நாள் குளிர். ஸ்ட்ராபெர்ரி உள்ளிட்ட பயிர்களுக்காக விவசாயிகள் இதே மாதிரி ராத்திரி ராத்திரியாக நிலத்தடி நீரை இறைத்தார்கள். நீர்மட்டம் சுமார் 60 அடி இறங்கியது. சுமார் 750 வீட்டுக் கிணறுகள் வறண்டன. 100-க்கும் மேற்பட்ட இடங்களில் தரை உள்வாங்கிப் பள்ளம் விழுந்தது.