பாசிர் ரிஸ் சதுப்புநிலக் காடு: பார்த்து எழுதப் பழகுவோம்

"இயற்கை எழில் கொஞ்சும் பூங்காவிற்குச் சென்றேன். தூய காற்றைச் சுவாசித்தேன். பறவைகளின் இன்னிசை என் செவியில் தேனாகப் பாய்ந்தது." சாதாரண நிலைத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, இந்த மூன்று வாக்கியத்தில் ஒன்றையாவது நீங்கள் எழுதியிருப்பீர்கள். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எந்தப் பூங்கா, எந்தப் பறவை என்று கேட்டால் பதில் இருக்காது. எந்த ஊர்ப் பூங்காவுக்கும் இதைப் பொருத்திவிடலாம், அதுதான் சிக்கல்.

இதற்கு மருந்து, ஒருமுறை பாசிர் ரிஸ் பூங்காவுக்குப் போய் வருவது. கிழக்கு மேற்கு ரயில் பாதையின் கடைசி நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். ஏறக்குறைய 70 ஹெக்டர் பூங்காவில் சதுப்புநிலக் காடு சுமார் 6 ஹெக்டர்தான். அதன் நடுவே மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். மேடு ஏற வேண்டாம், சேற்றில் கால் வைக்க வேண்டாம். தாத்தா பாட்டியையும் அழைத்துப் போகலாம். நேரத்தை மட்டும் பார்த்துப் போங்க. கடல் ஏறியிருக்கும்போது போனால் வெறும் தண்ணீரும் இலையும்தான் தெரியும். தண்ணீர் வற்றும் நேரத்தில் போனால்தான் காடு தன் அடிவயிற்றைக் காட்டும். ஒரு நாளில் பெரும்பாலும் இருமுறை ஏறி, இருமுறை வற்றும். கடல்மட்ட அட்டவணையை இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

உள்ளே போனதும் முதலில் மூக்குக்குத்தான் வேலை. அழுகிய முட்டை வாடை அடிக்கும். "தூய காற்று" அங்கேயே அடிபட்டுப் போகும்! யாரோ குப்பை போட்டதால் வரும் நாற்றம் இல்லை இது. சேற்றுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு. அந்தச் சேற்றில் விழும் இலைகளை, ஆக்சிஜன் இல்லாமலே வாழும் நுண்ணுயிரிகள் மக்கச் செய்கின்றன. அப்போது வெளியாகும் கந்தக வாயுவின் வாடைதான் அது. "மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தேன்" என்று கட்டுரையைத் தொடங்கிப் பாருங்கள். திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்து வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை என்றால் மரத்தின் வேர் எப்படி மூச்சு விடும்? வேரை வெளியே நீட்டித்தான். பென்சில்களைத் தலைகீழாக நட்டு வைத்தது போல நூற்றுக்கணக்கில் நிற்பவை மூச்சுவேர்கள். அவை மலாயில் 'அப்பி அப்பி' என்று சொல்லப்படும் மரத்தின் வேர்கள். பாசிர் ரிஸில் ஓடும் அப்பி அப்பி ஆற்றின் பெயரை இனிக் கேட்கும்போது இந்த வேர்கள் நினைவுக்கு வரட்டும். தண்டிலிருந்து வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றி நிற்பவை 'பாக்காவ்' மரத்தின் முட்டுவேர்கள். 'மரங்கள் அடர்ந்திருந்தன' என்று எழுதுவதற்கும், 'பல கால்களை ஊன்றிக்கொண்டு மரங்கள் சேற்றில் நின்றன' என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

பாக்காவ் மரத்தில் இன்னொன்றையும் தேடுங்கள். முருங்கைக்காய் போல நீளமாக, பச்சையாகத் தொங்கும். காய் என்று நினைத்துவிடாதீர்கள், அது நாற்று. விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடுகிறது. வளர்ந்தபின் கீழே விழும். சேறு மென்மையாக இருந்தால் அங்கேயே குத்தி நிற்கும், இல்லையென்றால் மிதந்து வேறு கரைக்குப் போகும். பிள்ளைக்குக் கொஞ்சம் வயது வந்த பிறகே வெளியே அனுப்பும் தாய்! 'தாய்மை', 'பிரிவு' போன்ற தலைப்புகளில் எழுத உதாரணம் தேடி அலைகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சேற்றில் உற்றுப் பார்த்தால் விரல் நீளத்தில் ஏதோ துள்ளும். மீன்தான், ஆனால் சேற்றின்மேல் நீந்தாது. தவழும், தத்தும், தாவும். செவுள் அறைக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டும், ஈரத் தோல் வழியாக மூச்சு விட்டுக்கொண்டும் கரையில் திரியும். அதன் கண் காய்ந்து போனால் உள்ளே இழுத்து நனைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே மண்மேடுகள் இருக்கும். சேற்றைத் தோண்டி வாழும் ஒருவகை இறால் கட்டியவை அவை. கட்டிய ஆளைப் பகலில் பார்ப்பது கடினம். மூன்று அடுக்குப் பறவைக் கோபுரத்தில் ஏறினால் நாரைகளைப் பார்க்கலாம். வெள்ளையாகச் சிறிதாக இருந்தால் கொக்கு, சாம்பல் நிறத்தில் உயரமாக நின்றால் நாரை. எல்லாவற்றையும் 'பறவை' என்றே எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்வளக் குறிப்பு. நாம் இங்கே 'சதுப்புநிலக் காடு' என்கிறோம், தமிழ்நாட்டில் 'அலையாத்திக் காடு' என்ற சொல் பரவலாக வழங்குகிறது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று விளக்குவார்கள். சூடான தேநீரை ஆத்துகிறோமே, அதே 'ஆத்து'தான். வகுப்பில் ஒருமுறை டீ ஆத்திக் காட்டினால் பிள்ளைகள் இந்தச் சொல்லை மறக்கவே மாட்டார்கள். நெய்தல் திணையை நடத்தும்போது வரும் 'கண்டல்' இந்த மரவகைதான். இன்னொரு சுவையான செய்தி: சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லை, ஒரு மரத்தின் பெயர். அந்தத் தில்லை மரம் சிங்கப்பூர்ச் சதுப்புநிலங்களிலும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால் மலாய்க்காரர்கள் 'பூத்தா பூத்தா' என்கிறார்கள், 'பூத்தா' என்றால் குருடு. ஆகவே எந்த இலையையும் கிள்ள வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாய்மொழித் தேர்வுக்கும் இந்தக் காடு கைகொடுக்கும். 'நிலப்பற்றாக்குறை உள்ள நாட்டில் காடுகளைக் காப்பது தேவையா?' என்று கேட்டால், 'மரம் ஆக்சிஜன் தரும்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பாசிர் ரிஸைச் சொல்லுங்கள். கடலைத் தூர்த்து நிலம் எடுத்த வட்டாரம் அது. அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன, இந்தக் காட்டுத் துண்டையும் விட்டுவைத்தார்கள். இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. எதிர்வாதத்தையும் தொடுங்கள்: 1975இல் கழிமுகத்தை அணைகட்டி அடைத்துத்தான் கிராஞ்சி நீர்த்தேக்கம் வந்தது. நமக்குக் குடிநீரும் வேண்டுமே. அதன்பின் உங்கள் முடிவைச் சொல்லலாம். இந்தக் காட்டு வேர்கள் கரைமண்ணைப் பிடித்து வைக்கின்றன, மீன்குஞ்சுகளுக்கு மறைவிடம் தருகின்றன, சேறு கரியமிலத்தை நெடுங்காலம் அடக்கி வைக்கிறது. 'வேர்களுக்கிடையே மீன்குஞ்சுகளை நானே பார்த்தேன்' என்று சொல்லும்போது உங்கள் குரலே மாறும். அதை மனப்பாடத்தில் கொண்டுவர முடியாது.

மலேசிய நண்பர்கள் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் இதையே செய்யலாம்.

போகும்போது சின்ன நோட்டுப் புத்தகம், தண்ணீர், கொசு மருந்து எடுத்துப் போங்க. கைப்பேசியில் படம் எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, பார்த்த வினைகளை மட்டும் எழுதுங்கள்: நண்டு என்ன செய்தது, மீன் என்ன செய்தது, தண்ணீர் எந்தப் பக்கம் நகர்ந்தது. பெயரடைகள் வீட்டுக்கு வந்தபின் தாமே வரும். திரும்பும் வழியில் ஐஸ் காச்சாங் சாப்பிட்டால், அதில் இருக்கும் கண்ணாடி போன்ற அத்தாப் சீயைக் கொஞ்சம் கவனியுங்கள். அதுவும் சதுப்புநிலக் கரையில் வளரும் நீப்பா மரத்தின் இளங்கொட்டைதான்.