வைத்திருப்பது, ஓட்டுவது, ஏறிப்போவது: தோல் பிரதேசத்தில் வண்டி பற்றிச் சில குறிப்புகள்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஓர் ஆளைப் பற்றி விசாரிக்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 'இன்னா வண்டி வச்சினுகீறாரு?' என்பது. பெண் கொடுக்கப் போகிறவர், கடன் கொடுக்கப் போகிறவர், கட்சியில் பதவி கொடுக்கப் போகிறவர் எல்லோருக்கும் இக்கேள்வி பொது. இதில் வரும் வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். 'ஓட்டுறாரு' இல்லை, 'வச்சினுகீறாரு'. ஆங்கிலத்தில் ஒரே வினை போதும். என்ன கார் ஓட்டுகிறாய் என்று கேட்டாலே என்ன கார் வைத்திருக்கிறாய் என்றுதான் அர்த்தம். உடைமையாளரும் ஓட்டுகிறவரும் ஒரே ஆள் என்ற அனுமானம் அந்த மொழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நம் மொழியில் அப்படியில்லை. வைத்திருப்பவர் ஒருவர், ஓட்டுகிறவர் இன்னொருவர், ஏறிப்போகிறவர் மூன்றாமவர். எந்தக் கார் நல்ல கார், யாருக்கு எது பிடிக்கும் என்ற பேச்சை 'தனிமனித ரசனை' என்று விட்டுவிடாமல் இம்மூன்று வினைச்சொற்களின் வழியாக வாசித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

1

முதலில் வைத்திருப்பது. லைசென்ஸ் ராஜ்ஜியக் காலத்தில் இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட் (1974க்குப் பிறகு பத்மினி என்று பெயர்), நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுமே ஐரோப்பாவில் பழசாகிப்போன அச்சுகளில் வார்த்தவை. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தேர்வே இல்லாத இடத்தில் ரசனைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் கடுமையான ரசனைச் சண்டைகள் அப்போதுதான் நடந்தன. அம்பாசிடர்க்காரர் ஃபியட்டைத் 'தீப்பெட்டி' என்பார். ஃபியட்காரர் அம்பாசிடரை 'மாட்டுவண்டி' என்பார். தேர்வு குறுகக் குறுக வேறுபாட்டின் குறி கனத்துக்கொண்டே போகும்.

தோல் பிரதேசத்தில் வென்றது அம்பாசிடர். காரணங்களாகச் சொல்லப்பட்டவை தெரிந்தவைதாம்: கட்டுமானம் பலம், எந்த ஊர் மெக்கானிக்கும் சுத்தியலை வைத்துச் சரிசெய்துவிடுவார், எட்டுப் பேர் ஏறலாம். ஆம்பூருக்கும் சென்னைப் பெரியமேட்டுக்கும் சுமார் 180 கிலோமீட்டர். தோல் வியாபாரத்தின் விலை பேசும் இடம் பெரியமேடு, தோல் ஊறும் இடம் பாலாற்றங்கரை. இரண்டுக்கும் நடுவில் ஓடிய வண்டி அது. இந்தக் காரணங்கள் பொய்யில்லை, ஆனால் ஒன்றை விட்டுவிடுகின்றன. அம்பாசிடரைப் புகழ்கிற எவரும் அதன் ஸ்டீரிங்கைப் புகழ்வதில்லை, பின்சீட்டைத்தான் புகழ்கிறார்கள். மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டு, தானே ஓட்டிப்போகிற ஆங்கிலேயக் குடும்பத் தலைவருக்காகச் செய்யப்பட்டது. இங்கே வந்ததும் அதே உலோகக் கூடு தலைகீழாக வாசிக்கப்பட்டது. முன்பக்கம் வேலைக்காரரின் இடம் ஆயிற்று, பின்பக்கம் முதலாளியின் இடம். ஒரு ஸ்க்ரூகூட மாற்றாமல் ஒரு வண்டியின் பொருள் மாறிப்போயிற்று.

ரோலான் பார்த் 'புராணிகங்கள்' நூலில் புதிய சிட்ரோயன் காரைப் பற்றி எழுதியிருப்பதை நண்பர்கள் அறிவார்கள். 1955 பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட டி.எஸ். என்ற கார் அது. அவ்வெழுத்துகளைப் பிரெஞ்சில் உச்சரித்தால் 'தேவதை' என்று ஒலிக்கும். அக்காலத்துத் தேவாலயங்களின் இடத்தை இக்காலத்தில் கார் பிடித்திருக்கிறது என்பது அவர் வாசிப்பு. நூல் வெளியான 1957இல்தான் அம்பாசிடரும் வந்தது. ஆனால் பார்த்தின் வாசிப்பில் டிரைவர் என்று தனியாக ஓர் ஆள் இல்லை. தொட்டுப் பார்க்கிறவர்களின் கை இருக்கிறது, செய்தவர்களின் கை இல்லை. நம் ஊரில் காரைப் பற்றி எழுதுகிறவர் இந்த இரண்டு ஆட்களையும் உள்ளே கொண்டுவராமல் ஒரு வரி நகர முடியாது.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியைக் கொடுத்தார். சின்ன வண்டி, 796 சிசி. பின்சீட்டில் முழங்கால் இடிக்கும். முதலாளி முன்னால் வர வேண்டியதாயிற்று. முன்னால் வந்தவர் ஓட்டவும் கற்றுக்கொண்டார். அதுவரை கூலிவேலையாக இருந்த ஓட்டுதல், டாக்டருக்கும் வக்கீலுக்கும் ஏற்றுமதியாளரின் மகனுக்கும் இன்பமாக மாறியது. அம்பாசிடருக்கும் மாருதிக்கும் உள்ள வித்தியாசம் மைலேஜ் மட்டுமில்லை. ஓர் உழைப்பு, உழைப்பு என்ற பெயரை இழந்து ரசனை என்ற பெயரைப் பெற்ற இடம் அது. பிறகு 2000இல் குவாலிஸும் 2005இல் இன்னோவாவும் வந்தபோது பின்சீட்டு திரும்ப வந்தது, சம்பள டிரைவரும் திரும்ப வந்தார். இன்றைக்கும் கட்சிக்காரரும் கம்பெனிக்காரரும் இன்னோவாவை விரும்புவதன் வேர், அம்பாசிடரின் பின்சீட்டில்தான் இருக்கிறது. 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது, அந்தப் பின்சீட்டு நிற்கவில்லை.

2

அடுத்தது ஓட்டுவது. இந்த வினையை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நினைவுக்கு வரும். 1990இல் தனி நூலாக அச்சான அந்தச் சிறு தன்வரலாற்றுக் குறிப்பில் இரண்டு வண்டிகள் வருகின்றன. 1901இல், சிறுவன் அம்பேத்கரும் உடன் வந்த பிள்ளைகளும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். மகர்கள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர் ஓட்ட மறுக்கிறார். கடைசியில் இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளே ஓட்டட்டும், நான் கூட நடந்து வருகிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். 1929இல் சாலிஸ்கானில், அம்பேத்கர் பாரிஸ்டரான பிறகும் குதிரைவண்டிக்காரர் ஓட்ட மறுக்கிறார். ஓட்டத் தெரியாத, மகர் சாதிக்காரர் ஒருவர் கடிவாளத்தைப் பிடிக்கிறார். வண்டி பாலத்தில் முட்டி அம்பேத்கர் தூக்கியெறியப்படுகிறார், கால் எலும்பு முறிகிறது. வண்டிக்குச் சாதி இல்லை என்று நாம் நம்புகிற இடத்தில், 'யார் யாரை ஏற்றி ஓட்டுவது' என்ற கேள்வியாகச் சாதி வந்து உட்காருகிறது. பணம் இருக்கிறதா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

தோல் பிரதேசத்தில் இதற்கு வேறொரு முகம் உண்டு. தோல் தொட்டால் தீட்டு என்று சாதி இந்து மூலதனம் நீண்டகாலம் ஒதுங்கி நின்ற தொழில் இது. முதலாளிகளாக வந்தவர்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம் வணிகக் குடும்பத்தினர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். ஆக வேலைக்கும் நாற்றம் உண்டு, செல்வத்துக்கும் நாற்றம் உண்டு. வெள்ளை நிற அம்பாசிடரின் மோகத்தில் ஒரு பாதி, இந்த நாற்றத்தைக் கழுவும் ஆசை என்று நான் வாசிக்கிறேன். மறுபாதி டிரைவருடையது. தொட்டியில் நின்ற அப்பனுக்குப் பிறந்தவன் லைசென்ஸ் எடுத்து, பேட்ஜ் போட்டு, சலவைச் சட்டையில் ஸ்டீரிங் பிடிக்கும்போது, அவனுக்கும் அது ஒரு வெளியேற்றம். 'கையில நாத்தம் இல்ல பாரு' என்பது இங்கே சம்பள உயர்வைவிடப் பெரிய வாக்கியம். ஆனால் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஓட்டிப்போன டிரைவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று பார்த்தால் வெளியேற்றம் எவ்வளவு தூரம் நடந்தது என்பது தெரியும். முன்சீட்டு என்பதால் முன்னுரிமை என்று ஆகிவிடாது.

அவருடைய விருப்பம் என்ன? எந்த டிரைவரைக் கேட்டாலும் 'சொந்தமா ஒரு வண்டி' என்பார். அதற்கு வழி தவணை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் தவணைக் கடன் கொடுக்கும் கம்பெனிகள் தமிழ்நாட்டில் பழசு. 1954இல் சென்னையில் சுந்தரம் பைனான்ஸ் தொடங்கியது. 2005இல் டாடா ஏஸ் வந்த பிறகு, ஆக்டிங் டிரைவராக அலைந்தவர்களும் 'ஓனர்' ஆனார்கள். ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர் இருக்கும், கீழேயே கடன் கொடுத்தவரின் பெயரும் இருக்கும். மாதம் பிறந்தால் டியூ. இரண்டு டியூ தவறினால் 'வண்டிய தூக்கினு போயிடுவாங்க'. ஆக, ஓட்டுகிறவர் 'வைத்திருப்பவர்' ஆகும்போது அந்த வினையே இளைத்துப்போகிறது. முதலாளிக்கு வண்டி உடைமை, இவருக்கு வண்டி வேலை கொடுக்கும் முதலாளி.

3

மூன்றாவது ஏறிப்போவது. கார் பற்றிய எந்த ரசனைப் பட்டியலிலும் இடம் பெறாத வினை இது. 1970களில் பச்சைத் தோலையும் அரைப் பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாகப் பதனிட்ட தோல், அப்புறம் ஷூ என்று தொழில் திரும்பியது. ஷூவின் மேல்பாகம் தைக்கப் பெண்கள் தேவைப்பட்டார்கள். விடிகாலையில் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் சுற்றுவட்டாரக் கிராமங்களின் முனைகளில் கம்பெனி வேனுக்கு நிற்கிறவர்களைப் பார்க்கலாம். இந்தப் பிரதேசத்தில் அதிகப் பேரைச் சுமக்கும் வண்டிகளில் ஒன்று அதுதான். எப்போது வரும், எங்கே நிற்கும், எத்தனை பேரை ஏற்றும் என்பதில் ஏறுகிறவருக்குச் சொல் கிடையாது. வேனில் கழியும் நேரம் வேலைநேரக் கணக்கிலும் வராது, ஓய்வுக் கணக்கிலும் வராது. வேன் ஒரு வசதி என்று நிர்வாகம் சொல்கிறது. நான் அதைத் தொழிற்சாலையின் நீட்டிய கை என்கிறேன்.

இப்பெண்களின் வண்டி விருப்பத்தை யாராவது கேட்டால், பதில் பெரும்பாலும் ஸ்கூட்டி. 2018இல் வேலைக்குப் போகும் பெண்கள் இருசக்கர வண்டி வாங்கப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியமாகத் தர அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இரண்டையும் 'இலவசம்' என்று கேலி செய்கிறவர்கள் ஒன்றை யோசிக்கலாம். கம்பெனி வேனுக்கு மாற்றாக ஒரு வழி இருக்கிறவள்தான் 'ஓவர்டைம் இருக்க முடியாது' என்று சொல்ல முடியும். இங்கே ரசனைக்குப் பெயர் பேரம் பேசும் சக்தி.

4

மூன்று வினைகளுக்கும் வெளியே நிற்கிறவர் ஒருவர் உண்டு. வைத்திருக்காமல், ஓட்டாமல், ஏறாமல், விலை மட்டும் கொடுக்கிறவர். பழைய அம்பாசிடரின் பளபளத்த பம்பருக்கு மேலே பூசியது குரோமியம். ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோலைச் சில நாட்களில் பதப்படுத்தித் தந்ததும் குரோமிய உப்பு. முதல் குரோமியத்தை எல்லோரும் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது குரோமியம் பாலாற்றில் இறங்கியது. ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனங்கள் செய்துவிட்டு 1990களின் நடுவில் மூடிய தொழிற்சாலை ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவை விட்டுப்போனது.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் தேவை என்பதும், தோல் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது என்பதும் அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளன. மாசுபடுத்துகிறவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்புகளில் இது முக்கியமானது. இழப்பீட்டைக் கணக்கிட அமைத்த ஆணையம் 2001இல் தன் முடிவைச் சொன்னது. ஆனாலும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திரும்பவும் இழப்பீட்டைக் கொடுக்கும்படியும், ஆற்றைச் சீர்செய்யக் குழு அமைக்கும்படியும் சொல்ல வேண்டியிருந்தது. இடையில், 2015 ஜனவரி கடைசி நாளன்று, ராணிப்பேட்டைச் சிட்கோ வளாகத்தில் கழிவுநீர்ச் சேற்றுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இதைச் சொன்னதும் ஏதோ ஒரு மதத்து முதலாளியின் பேராசை என்று சுருக்கிவிட இப்போது பலர் தயாராக இருக்கிறார்கள். அது வசதியான பொய். ஷூவைக் குறைந்த விலைக்கு வாங்கும் ஐரோப்பியக் கம்பெனி, அந்நியச் செலாவணி வேண்டும் என்ற தில்லி, கண்டும் காணாமல் இருந்த அலுவலகங்கள், எல்லாம் ஒரே வண்டியின் சக்கரங்கள். பாலாற்றங்கரை நிலமற்ற கூலிக்காரர்களில் முஸ்லிமும் உண்டு, தலித்தும் உண்டு, வன்னியரும் உண்டு. அவர்கள் கிணறு ஒரே மாதிரிதான் உப்பானது.

ஆகவே 'இன்னா வண்டி வச்சினுகீறாரு' என்ற கேள்வியை விட்டுவிட வேண்டாம், நீட்டிக் கேட்போம். யார் வைத்திருக்கிறார், யார் ஓட்டுகிறார், யார் ஏறிப்போகிறார், யார் விலை கொடுக்கிறார்? தொழிற்சங்கத்தில் இருக்கும் தோழர்கள் கூலியையும் போனஸையும் பேசுவதோடு வேன் நேரத்தையும் டிரைவரின் சாப்பாட்டு இடத்தையும் பேரப் பட்டியலில் சேர்க்கலாம். எழுதுகிற நண்பர்கள் ஒரு பாத்திரத்தைக் காரில் ஏற்றும்போது எந்தச் சீட்டில் என்று யோசிக்கலாம். பாலாற்றங்கரைக் கிராமங்களில் மிக அதிகம் எதிர்பார்க்கப்பட்ட வண்டி அம்பாசிடரோ இன்னோவாவோ அல்ல. கிணறு கெட்ட ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த லாரி. அதன் முன் குடங்களோடு நின்ற வரிசையில், எந்த வண்டி உங்களுக்குப் பிடிக்கும் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.